சுடுகாட்டு மல்லிக்கு ஒரு வக்காலத்து

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். ஸ்ரீரங்கத்தில், ஒரு காலத்தில் தென்னந்தோப்பாக இருந்த இடத்தில் கட்டிய 14 வீடுகள். வழக்கமாக அப்பாதான் போவார். அன்று அவருக்கு ஒரு கல்யாணம், அதனால் என்னை அனுப்பிவிட்டார். "போ, உட்காரு, கையெழுத்துப் போடு, வாயத் தொறக்காத." இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம். முதல் மூன்றையும் ஒழுங்காகத்தான் செய்தேன்.

லிஃப்ட் பராமரிப்பு, கேமரா எல்லாம் பேசி முடித்து மூன்றாவது விஷயத்துக்கு வந்தார்கள். வாசலில் இருக்கும் 1,200 சதுர அடி கொரியன் புல் காய்ந்துவிட்டது. நாங்கள் குடிவந்த பிறகு இது மூன்றாவது முறை. எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், வீட்டுக்கு 2,500 ரூபாய். பி.காம். கடைசி வருடம் படிக்கும் எவனுக்கும் இந்த இடத்தில் வாய் திறக்கும். "சார், புல்லுக்குப் பதிலா நித்தியகல்யாணி வச்சா என்ன?" என்று கேட்டேன்.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு முதல் மாடி மாமா, "எது, அந்தச் சுடுகாட்டு மல்லியா? தம்பி, வீட்டு வாசல்லயா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். 11க்கு 2. அந்த இரண்டில் ஒன்று நான். இன்னொன்று இரண்டாவது மாடி டீச்சர். அவர் நித்தியகல்யாணிக்காகக் கை தூக்கவில்லை, காலை ஐந்து மணிக்குப் புல்லுக்குத் தண்ணீர் விட ஓடும் மோட்டார் சத்தத்தை எதிர்த்துத் தூக்கினார் என்று பிறகு தெரிந்தது. பரவாயில்லை, ஓட்டு ஓட்டுதான் :-)

அங்கே சொல்ல விடாததை எல்லாம் இங்கே சொல்கிறேன். என் வகுப்புத் தோழர்கள் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் கேட்டு இந்தப் பக்கம் வந்திருந்தால் மன்னிக்கவும். கணக்கும் வரும், பொறுங்கள்.

செடியைத் தெரியாதவர் இருக்க முடியாது, பெயரைத்தான் ஆளுக்கொன்றாகச் சொல்வோம். ஐந்து இதழ், ரோஸ் அல்லது வெள்ளை, வெள்ளையில் சிலதுக்கு நடுவில் குங்குமம் வைத்த மாதிரி ஒரு பொட்டு. கரும்பச்சை இலை, நடு நரம்பு மட்டும் வெளுத்திருக்கும். நித்தியகல்யாணி என்பார்கள், இலங்கைத் தமிழர்கள் பட்டிப்பூ என்பார்கள். ஊர்ப்பக்கம் சுடுகாட்டு மல்லி. இங்கிலீஷில் பெரிவிங்கிள்.

அந்த இங்கிலீஷ் பெயரால் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். முதலாமாண்டு படிக்கும்போது நெட்டில் தேடினேன். "பெரிவிங்கிள், வருடம் முழுக்கப் பச்சையாகத் தரையை மூடும், நிழலில் வையுங்கள், மரத்தடிக்கு ஏற்றது" என்று பக்கம் பக்கமாக இருந்தது. நம்பி, கொல்லையில் வேப்பமரத்தடியில் இருபது நாற்று வைத்தேன். வெளிச்சத்தைத் தேடி ஒல்லி ஒல்லியாக நீண்டு, நான்கு பூப் பூத்து, அடியில் இலை கொட்டி, பார்க்கவே பாவமாக நின்றன. பிறகுதான் புரிந்தது, அந்தப் பக்கங்கள் சொன்னது வேறு செடி. வின்கா மைனர் என்கிற ஐரோப்பியக் கொடி. தரையோடு தவழ்ந்து கணுவுக்குக் கணு வேர் விட்டு, குளிர்காலத்திலும் இலை உதிர்க்காமல் இருக்கும். நம்முடையது மடகாஸ்கரில் பிறந்தது. லின்னேயஸ் 1759ல் அதையும் வின்கா குடும்பத்தோடு சேர்த்து வின்கா ரோசியா என்று பெயர் வைத்துவிட்டார். 1837ல் ஜார்ஜ் டான் பிரித்து எடுத்து கதராந்தஸ் ரோசியஸ் ஆக்கினார். ஆனால் நர்சரிக்காரர்கள் இன்றைக்கும் வின்கா என்றுதான் விற்கிறார்கள். அங்கே நிழல், நமக்கு உச்சி வெயில். அங்கே தவழும் கொடி, நமக்கு முழங்கால் உயரப் புதர். லண்டன் தோட்டத்துக்கு எழுதியதைப் படித்துத் திருச்சியில் செடி வைக்கக் கூடாது என்று இருபது நாற்றைக் கொன்று கற்றுக்கொண்டேன்.

இதே தப்பைத்தான் எங்கள் சங்கம் புல் விஷயத்தில் மூன்று முறை செய்திருக்கிறது என்பது என் வாதம். நான் இருபது நாற்றோடு நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கணக்குக்கு வருவோம். 1,200 சதுர அடி என்பது சுமார் 111 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். திருச்சி சித்திரை, வைகாசி வெயிலில், ஸ்ரீரங்கத்து மணல் கலந்த மண்ணில், புல்வெளி பச்சையாக இருக்க வேண்டுமென்றால் நாளைக்கு 5 மில்லிமீட்டராவது விட வேண்டும். ஆக 555 லிட்டர். மார்ச்சிலிருந்து ஜூன் வரை 120 நாள் என்று வைத்தால் 66,600 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஐந்தரை லாரி. நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு வைத்திருக்கும் அளவு. அதாவது எங்கள் வாசல் புல் நாலு பேர் குடும்பத்தின் தண்ணீரைக் குடிக்கிறது. அதற்கு மேல் மாதாமாதம் வெட்டுக்கூலி, களை எடுக்கக் கூலி, உரம், மோட்டார் கரண்ட். மூன்று முறை மாற்றிய செலவை ஆயுட்காலத்தில் வகுத்துத் தேய்மானம் போட்டால் செயலாளர் சாருக்கு மயக்கம் வரும்.

"காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் தீவில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர்ப் பஞ்சம் பேசுகிறாயே" என்று கேட்பீர்கள். தீவுதான். 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகளை அடித்துக்கொண்டு போகிற அளவுக்குத் தண்ணீர் வந்த அதே தீவு. 2024ல் ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறக்க முடியாமல், ஜூலை 28 வரை காத்திருந்ததும் இதே தீவுதான். அம்மா மண்டபம் படித்துறையில் நின்று மணலைப் பார்த்த கோடைகள் நமக்கு எல்லாருக்கும் நினைவிருக்கும். வருட மழையில் கிட்டத்தட்டப் பாதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும் ஊர் இது. மீதி மாதங்களில் பச்சையாக எதை வைத்திருக்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

நித்தியகல்யாணி வேர் பிடிக்கும் வரை, ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ, தண்ணீர் கேட்கும். பிறகு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும், மறந்துபோனாலும் இலை தொங்குமே தவிர சாகாது, சாயங்காலம் ஊற்றினால் மறுநாள் நிமிர்ந்துவிடும். தென் மாவட்டங்களின் வறண்ட மண்ணில் இதை மருந்துக்காக மானாவாரியாகவே பயிர் செய்கிறார்கள். மானாவாரி என்றால் வானம் பார்த்த பூமி, மோட்டாரே கிடையாது. ஆடு மாடு வாய் வைக்காது. ஸ்ரீரங்கத்தில் தெருவில் மாடு சுற்றாத வீதியைக் காட்டுங்கள், நான் இந்தப் பாயிண்டை வாபஸ் வாங்குகிறேன்.

இப்போது அந்தப் பெயருக்கு வருகிறேன். சுடுகாட்டில் வளர்கிறது, அதனால் சுடுகாட்டு மல்லி, அதனால் வாசலுக்கு ஆகாது. ரொம்ப சரி. ஆனால் அது ஏன் சுடுகாட்டில் வளர்கிறது என்று யாராவது கேட்டோமா? ஓயாமரியாகட்டும், உங்கள் ஊர் மயானமாகட்டும், அங்கே எந்தச் செடிக்கு யார் குடம் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினார்கள்? யார் வேலி போட்டார்கள்? யார் உரம் வைத்தார்கள்? எவனும் கவனிக்காத மண்ணில், ஆடு மேய்கிற இடத்தில், மே மாத வெயிலில் பூத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கம்பெனி இப்படி ஒரு பொருளை விற்றால் இதையே விளம்பரமாகப் போடுவான். நாம் வசவாக வைத்திருக்கிறோம்.

நாம் மட்டும் இப்படி இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல். இத்தாலிக்காரர்கள் அவர்கள் ஊர் பெரிவிங்கிளைச் சாவுப்பூ என்றிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1306ல் சைமன் ஃபிரேசர் என்ற ஸ்காட்லாந்து வீரனைத் தூக்குக்குக் கொண்டுபோனபோது கேலிக்காக அவன் தலையில் பெரிவிங்கிள் மாலையை வைத்துத்தான் ஊர்வலம் விட்டார்கள். செடி வேறு, கண்டம் வேறு, பட்டம் மட்டும் ஒன்று. பிறகு அதே இங்கிலாந்து அந்தக் கொடியைத் தோட்டம் தோட்டமாக வைத்துக்கொண்டது.

புல்வெளிக்கு மட்டும் எங்கிருந்து இவ்வளவு மரியாதை வந்தது? தார்ஸ்டைன் வெப்லன் என்றொரு பொருளாதாரக்காரர், 1899ல் ஓய்வு வர்க்கத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பகட்டுச் செலவு என்று நாம் பரீட்சையில் எழுதும் கருத்து அவருடையதுதான். அதில் புல்வெளியைப் பற்றியும் வருகிறது. புல்லைக் கட்டையாக வைத்திருக்க ஒரு பசுமாட்டை விட்டால் போதும், காசே ஆகாது. ஆனால் மாடு நின்றால் சிக்கனம், லாபம் என்ற நினைப்பு வந்துவிடும், கௌரவம் போய்விடும், அதனால் பணக்காரர்கள் மாட்டை விடமாட்டார்கள் என்று கிண்டல் செய்திருப்பார். எங்கள் வாசலில் தினமும் காவலாளி அண்ணன் குச்சியோடு மாட்டை விரட்டும்போது எனக்கு வெப்லன் ஞாபகம்தான் வரும். மழை அடிக்கடி பெய்கிற குளிர் தேசத்துப் பிரபுக்களின் அந்தஸ்தை, மாசத்துக்கு மூன்று லாரி தண்ணீர் வாங்கும் ஓர் அடுக்ககம் எதற்குத் தூக்கிச் சுமக்க வேண்டும்? நம்ம ஊரிலேயே நந்தவனம் வைத்த ஆள் இருந்திருக்கிறார். தொண்டரடிப்பொடி ஆழ்வார் ஸ்ரீரங்கத்தில் துளசியும் பூவும் வளர்த்து மாலை கட்டிக் கொடுத்தவர். பக்தி இருக்கிறவர்கள் பக்தியோடு எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இதில் தோட்டக்காரர்தான் தெரிகிறார்.

எதிர்க்கட்சி சொன்னதில் நியாயமானவையும் உண்டு. அதை மறைத்தால் நான் வக்கீல் ஆகிவிடுவேன் (தலைப்பு அப்படி இருந்தாலும்).

முதலாவது, "புல்லில் குழந்தைகள் விளையாடும், இதில் எப்படி?" உண்மை, நித்தியகல்யாணி மேல் நடக்க முடியாது. ஆனால் எங்கள் புல்லில் "நடக்காதீர்" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நடக்கிற மாதிரி பச்சைத் தரை வேண்டுமென்றால் பொடுதலை இருக்கிறது, வாய்க்கால் கரையில் தானாகப் படரும், மிதித்தால் தாங்கும். விளையாடும் இடத்தில் அது, ஓரமெல்லாம் இது என்று வைக்கலாம். இதைச் சொல்ல வாய் எடுத்தபோதுதான் கை தூக்கச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது, விஷம். இதில் நான் பின்வாங்கப் போவதில்லை. ஆமாம், வேரிலிருந்து இலை வரை விஷம்தான், சின்னக் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் மதில் ஓரம் முழுக்க அரளி நிற்கிறதே! சென்னை போகும் நான்குவழிச் சாலையின் நடுவே கிலோமீட்டர் கணக்கில் அரளிதானே! அதுவும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். அரளி அதைவிடப் பொல்லாத விஷம், அதைப் பறித்துச் சாமிக்கே போடுகிறோம். ஆக பிரச்சினை விஷத்தில் இல்லை.

மூன்றாவது, மழை. கார்த்திகையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி, நேற்று நன்றாக இருந்த செடி இன்று கருகித் தொங்கும். இது மெய்யான குறை. பாத்தியை அரை அடி உயர்த்தி, மண்ணில் மணல் கலந்து வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கும், எல்லாமும் தப்பிக்காது. ஆனால் செத்ததன் இடத்தில் விதை விழுந்து புதுசு முளைத்திருக்கும், புல்லுக்கு இந்த வசதி இல்லை.

"அதுவும் மடகாஸ்கர் இறக்குமதிதானே, கொரியன் புல்லைத் திட்டுகிறாயே" என்று கல்லூரியில் ஒரு நண்பன் மடக்கினான். நல்ல கேள்வி. நான் பாஸ்போர்ட் பார்க்கவில்லை, தண்ணீர் பில்லைப் பார்க்கிறேன்.

இதுவரை வாசல், புல், ரூபாய். இனி எழுதுவது அந்தக் கூட்டத்தில் சொல்லத் தோன்றி, தொண்டை வரை வந்து, சொல்லாமல் விட்டது.

என் சித்தப்பா மகளுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. விடாத காய்ச்சல், காலில் நீல நீலமாகத் தழும்பு, பிறகு ஒரு பரிசோதனை, பிறகு இரண்டரை வருடம் ஆஸ்பத்திரி. அவளுக்குப் போட்ட ஊசிகளை எல்லாம் சித்தி ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பெயர் வின்கிரிஸ்டின். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்தேன், பெயரை எழுத்துக் கூட்டிப் படித்ததோடு சரி. வின்கா என்பதுதான் அந்த 'வின்' என்று பிறகுதான் தெரிந்தது. சுடுகாட்டு மல்லி.

அந்தக் கதையும் தற்செயல்தான். 1952ல் ஜமைக்காவிலிருந்து ஒரு டாக்டர், அங்கே சர்க்கரை வியாதிக்குக் கசாயம் வைத்துக் குடிக்கும் இந்த இலையைக் கொஞ்சம் ஓர் உறையில் போட்டுக் கனடாவுக்கு அனுப்பினார். அங்கே ராபர்ட் நோபிள் சோதித்தபோது எலிக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் சரிந்தன. வெள்ளை அணு கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு இது ஆகுமே என்று யோசித்து, அவரும் சார்லஸ் பீரும் வின்பிளாஸ்டினைப் பிரித்து 1958ல் அறிவித்தார்கள். அதே சமயம் அமெரிக்காவில் எலை லில்லி கம்பெனியும் இதே செடியில் இறங்கியது. வின்கிரிஸ்டினுக்கு அங்கே 1963ல் அனுமதி கிடைத்தது. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கச் சுமார் அரை டன் காய்ந்த இலை வேண்டும் என்கிறார்கள். வின்கிரிஸ்டினுக்கு அதைவிட நிறைய.

இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்து அரைக்கக் கிளம்ப வேண்டாம். அரை டன்னுக்கு ஒரு கிராம் என்ற கணக்கை மறுபடி பாருங்கள். அந்த ஒரு கிராமையும் மில்லிகிராம் மில்லிகிராமாக அளந்து, ரத்தம் சோதித்து, நரம்பில் ஏற்றுகிறார்கள். அப்போதே சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸாப்பில் வந்த கசாயத்தைச் சித்தியிடம் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். சித்தி போனை வைத்துவிட்டார். அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

அவள் இப்போது எட்டாம் வகுப்பு. கணக்கில் என்னைவிட மோசம்.

கூட்டம் முடிந்து வந்து இதை எல்லாம் எங்கள் அப்பாயியிடம் சொன்னேன். அப்பாயிக்கு அவள் என்றால் உயிர், அந்த இரண்டரை வருடமும் சமயபுரத்துக்கு நடந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்ல செடிதாய்யா, யார் இல்லேன்னா. ஆஸ்பத்திரியில இருக்கட்டும். வாசல்ல வேணாம்" என்றார். நான் மேலே பேசவில்லை. அப்பாயி சின்ன வயதில் எந்த மயானத்தில் யாருக்குப் பின்னால் நடந்துபோனபோது இந்தப் பூவைப் பார்த்தாரோ. முதல் மாடி மாமாவின் சிரிப்புக்குப் பதில் சொல்லலாம், இதற்கு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் வாசலுக்கு வெளியே, மதிலுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில், இரண்டடி அகலத்தில் நாற்பதடி நீள மண் இருக்கிறது. சங்கத்துக்குப் பாத்தியதை இல்லாத இடம், இதுவரை குப்பைதான் கிடந்தது. நாள் முழுக்க வெயில். கூட்டத்துக்கு மறுநாள் காலை அங்கே ஆரம்பித்துவிட்டேன். காய் இரட்டை இரட்டையாக, மெல்லிய பயறு மாதிரி இருக்கும். பச்சை மாறி மஞ்சளாகும்போதே பறித்துவிட வேண்டும், விட்டால் வெடித்துச் சிதறிவிடும். உள்ளே கறுப்பு விதை, கடுகைவிடச் சிறிசு. இருட்டில்தான் நன்றாக முளைக்கும், அதனால் தூவியதும் மேலே மெல்லிசாக மண் மூட வேண்டும். நாற்று விரல் உயரம் வந்ததும் ஒரு அடிக்கு ஒன்று என்று நடலாம், தரை சீக்கிரம் மூட வேண்டுமென்றால் முக்கால் அடி. நுனியை ஒருமுறை கிள்ளிவிட்டால் பக்கக்கிளை அடிக்கும். பூ பச்சையாகி இலை மாதிரி மாறும் செடி கண்ணில் பட்டால் அது நோய், வேரோடு பிடுங்கிவிடுங்கள். இரண்டு வருடத்தில் அடி கட்டைதட்டும், வெட்டிவிடலாம், அல்லது பக்கத்தில் முளைத்த குட்டியை இடம் மாற்றலாம்.

எனக்குச் செலவு: விதை பூஜ்யம், ஆற்று மணல் ஒரு சாக்கு நண்பன் வீட்டு மிச்சம், குப்பை அள்ள உதவிய காவலாளி அண்ணனுக்கு இரண்டு டீ.

விதை மிச்சம் இருக்கிறது, ரோஸும் வெள்ளையும் கலந்து. கல்லூரியில் கேட்பவர்களுக்குத் தீப்பெட்டியில் போட்டுத் தருகிறேன். செயலாளர் சாருக்கும் ஒரு பெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். நாலாவது முறை புல் காயும்போது கொடுப்பேன்.